சுளுக்குத்தானே!

“ஒன்றுமில்லை, சுளுக்குத்தானே!”

கால்பந்து ஆடும் நம்மவருள் இந்தச் சொற்களைச் சொல்லாதவர் இரார். நானும் சொன்னேன், ஒரே பருவத்தில் இரு முறை சொன்னேன். முதல் முறை சொன்னது அறியாமையால். இரண்டாம் முறை சொன்னது பொய். அறியாமைக்கு மூன்று வாரத் தண்டனை கிடைத்தது. பொய்க்கு நான்கு மாதம்.

நான் வேதியியலில் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவன், மருத்துவன் அல்லேன். ஆயினும் என் கணுக்கால் எனக்குக் கற்பித்த பாடத்தை, மருத்துவரிடம் கேட்டும் நூலகத்தில் படித்தும் சரிபார்த்து, நம் சங்க இதழின் வாயிலாக உங்கள் முன் வைக்கிறேன். மாலையில் மைதானத்துக்குப் போகும் நண்பர்களுக்கு இது பயன்படுமானால், நான் நொண்டிய நாட்கள் வீண் போகவில்லை என்று மகிழ்வேன்.

நடந்தது

திண்டுக்கல்லிலிருந்து கொல்கத்தாவுக்கு வந்த முதல் வாரத்தில் எனக்கு வங்காளமும் தெரியாது, இந்தியும் தெரியாது. விடுதியில் உணவு உண்ண உட்கார்ந்தால் என்னைச் சுற்றிப் பேச்சு நடக்கும். நான் மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு மாலை விடுதி ஆட்டத்தில் ஓர் ஆள் குறைந்தது. என்னைக் கைகாட்டி அழைத்தார்கள். அன்று நான் கற்ற முதல் வங்கச் சொல் ‘ஏதிகே’; ‘இந்தப் பக்கம்’ என்று பொருள். பந்து இந்தப் பக்கம் வந்தது; பந்தோடு நட்பும் வந்தது. இரண்டு மாதத்தில் வலப்பக்கக் காப்பாளன் என்ற இடமும், உணவு மேசையில் ஓர் இடமும் எனக்குக் கிடைத்தன. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

சென்ற ஆண்டு சூலைத் தொடக்கம். விடுதிகளுக்கிடையேயான போட்டியின் முதல் ஆட்டம். மழைக்காலமே வங்கத்தில் கால்பந்துக் காலம். தரை சேறும் புல்லுமாக இருந்தது. பந்தைத் தலையால் முட்ட எழும்பிய நான், இறங்கும்போது எதிரணி வீரர் ஒருவரின் காலணிமேல் வலப்பாதத்தை வைத்துவிட்டேன். பாதம் உட்புறமாக மடங்கியது. ‘பொட்’டென்று ஓர் ஓசை என் காதில் விழுந்தது. சற்று நேரத்தில் வெளிக்கணுவின் முன்புறம் கோழிமுட்டை அளவு வீங்கியது.

விடுதிச் சமையற்காரர் அறுபதைக் கடந்தவர். மோகன் பகான் குழுவின் பரம பக்தர். 1911-இல் அந்தக் குழுவினர் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடி, பூட்ஸ் அணிந்த கிழக்கு யார்க்‌ஷயர் படையணியை 2–1 என்று வென்று கேடயம் கொண்ட கதையை வாரம் ஒரு முறையாவது சொல்வார். அவர் முன்னே, பூட்ஸ் போட்டுக்கொண்டு ஆடிய நான் எப்படி முனகுவது? “கிச்சு ஹொயனி” என்றேன். ‘ஒன்றும் ஆகவில்லை’ என்பதற்கு வங்காளம் அது. நம் ‘சுளுக்குத்தானே’யின் உடன்பிறப்பு.

கணுக்காலின் கட்டுமானம்

முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகள் உள்ளன. அவற்றின் அடிமுனைகளே நாம் தொட்டு அறியும் உட்கணுவும் வெளிக்கணுவும். இவ்விரண்டும் கவைபோல் நிற்க, நடுவே தாலஸ் என்னும் பாத எலும்பு ஆப்புப்போல் பொருந்தியிருக்கிறது. இந்த ஆப்பு முன்புறம் அகன்றும் பின்புறம் குறுகியும் இருப்பது. பாதத்தை மேல்நோக்கி மடக்கினால் அகன்ற பகுதி கவைக்குள் இறுக்கமாக அமரும். பாதம் கீழ்நோக்கி நீண்டிருக்கும்போது குறுகிய பகுதியே உள்ளே இருக்கும். மூட்டு சற்றே தளரும். எழும்பிக் குதித்து இறங்கும் ஆட்டக்காரனின் பாதம் எந்த நிலையில் இருக்கிறது? கீழ்நோக்கி நீண்ட நிலையில்தான். மிகத் தளர்ந்த நேரத்தில் மிகுந்த பளு வந்து விழுகிறது.

எலும்போடு எலும்பைக் கட்டி வைப்பது ஒரு நார். மருத்துவர் இதை லிகமென்ட் என்பர். நாளிதழ்கள் ‘தசைநார்’ என்று எழுதுகின்றன. ஆனால் இது தசையைச் சேர்ந்ததன்று. ஆதலால் இக்கட்டுரையில் ‘பிணைநார்’ என்றே சொல்லிச் செல்கிறேன். கணுக்காலின் உட்புறம் விசிறிபோல் விரிந்த வலிய பிணைநார் ஒன்று உண்டு. வெளிப்புறம் மூன்று தனி நார்கள்: முன்னால் ஒன்று, குதிகால் எலும்புக்குச் செல்வது ஒன்று, பின்னால் ஒன்று. பாதம் உட்புறமாக மடங்கும்போது முதலில் பளு ஏற்பது முன்னால் உள்ளது. ஆகவேதான் சுளுக்குகளில் பெரும்பாலானவை அந்த ஒரே இடத்தில் நிகழ்கின்றன.

சுளுக்கு என்பது நரம்பு பிசகுவதன்று. எலும்பு விலகி, யாரேனும் இழுத்தால் ‘டக்’கென்று உட்கார்வதும் அன்று. பிணைநார் இழுபட்டோ கிழிந்தோ போவதே சுளுக்கு. சில இழைகள் மட்டும் இழுபட்டால் முதல் தரம். பாதி கிழிந்தால் இரண்டாம் தரம். முற்றும் அறுந்தால் மூன்றாம் தரம். மூன்றுக்கும் நாம் ஒரே பெயர் வைத்திருப்பதே தொல்லைக்கு வித்து.

முப்புரிக் கயிறு

இந்த நாரின் சத்து கொல்லாஜன் என்னும் புரதம். அதன் மூலக்கூறு மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட முப்புரிக் கயிறு போன்றது. இவ்வுண்மையை 1954-இல் உலகுக்கு எடுத்துரைத்தவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஒவ்வொரு இழையிலும் மூன்றாவது இடந்தோறும் கிளைசின் என்னும் மிகச் சிறிய அமினோ அமிலம் அமைகிறது. மூன்று புரிகளும் நெருங்கும் நடுவிடத்தில் வேறு பெரிய ஒன்றுக்கு இடமில்லை. பாடப்புத்தகத்தில் இதைப் படித்துத் தேர்வும் எழுதியவன் நான். அந்தக் கயிறு என் காலில் அறுந்த பிறகே அதன் அருமையை உணர்ந்தேன்.

ஓய்வு நிலையில் நாரின் இழைகள் அலையலையாக நெளிந்திருக்கும். மெல்ல இழுத்தால் முதலில் நெளிவு நிமிரும். அதுவரை எதிர்ப்பு குறைவு. நிமிர்ந்த பின் இழை விறைத்துப் பளுவைத் தாங்கும். அதற்கு மேல், நீளத்தில் சில விழுக்காடு கூடினாலே இழைகள் ஒவ்வொன்றாய் அறத் தொடங்கும். ரப்பரைப்போல் இரண்டு மடங்கு நீளக்கூடிய பொருள் அன்று இது.

அறுந்தது எப்படி ஆறுகிறது? முதல் சில நாட்கள் அழற்சி: வீக்கம், சூடு, வலி. இவை பகைவர் அல்லர். பழுது பார்க்க வந்த வேலையாட்கள். பிறகு சில வாரங்கள் புதிய கொல்லாஜன் படிகிறது. ஆனால் அவசரத்தில் போடும் இந்தப் புதிய இழை மெலிந்த வகை. ஒழுங்கின்றிக் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். அது வலிய வகையாக மாறி, பளு வரும் திசையில் அணிவகுத்து நிற்கப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுகூட ஆகும். பிணைநாருக்கு இரத்த ஓட்டம் குறைவு. ஆதலால் இங்கே விரைவு என்பதே இல்லை.

நண்பர்களே, வலியோ இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடுகிறது. வலி அடங்கும் நாளுக்கும் நார் தேறும் நாளுக்கும் இடையே மாதக்கணக்கில் ஓர் இடைவெளி இருக்கிறது. ஆட்டக்காரன் விழுவது அந்த இடைவெளியில்தான்.

நான்கு அடிகள்

முதல் நாள் எழும் கேள்வி, எலும்பு முறிந்ததா என்பது. இதை அறிய ஓர் எளிய முறை உண்டு. கனடா நாட்டின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-இல் வகுத்தளித்தது. வெளிக்கணு, உட்கணு இவற்றின் நுனியையோ, பின்னோரத்தில் 6 சென்டிமீட்டர் உயரம் வரையிலோ அழுத்தினால் எலும்பின் மேலேயே வலிக்கிறதா? பாதத்தின் வெளியோரத்தில் நடுவே புடைத்து நிற்கும் எலும்பை அல்லது உட்புறம் பாத வளைவின் உச்சியிலுள்ள எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? அடிபட்ட உடனேயும், மருத்துவர் முன்னிலையிலும், நொண்டியாவது நான்கு அடி வைக்க இயலவில்லையா? இவற்றுள் ஒன்றுக்கேனும் ‘ஆம்’ என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றால் முறிவு இருப்பது மிக அரிது.

பாதம் மரத்துப்போனாலும், வெளிறிக் குளிர்ந்தாலும், வடிவமே மாறிக் கோணினாலும் இந்தக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டா. உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

மறுநாள் காலை பல்கலைக்கழக மருத்துவர் என்னை நடக்கச் சொன்னார். இரண்டாம் அடியிலேயே சுவரைப் பிடித்தேன். எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு நலமாயிருந்தது. “எலும்பு முறியவில்லை” என்று அவர் சொன்னதை நான் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று பொருள்படுத்திக்கொண்டேன். என் முதல் அறியாமை அது.

பத்தும் பனிக்கட்டியும்

அடிபட்ட இரவு என் அறையில் ஒரு மருத்துவ மாநாடே கூடியது. அணி நண்பர் ஒருவர் காலைப் பிடித்து இழுத்துச் சுளுக்கெடுக்க முன்வந்தார். சமையற்காரர் ஒரு கிண்ணத்தில் சூடான சுண்ணாம்பு மஞ்சள் கலவையைக் கொண்டு வந்தார். ‘சூன் ஹோலூத்’ என்னும் அது வங்கத்து வீடுகளின் கைவைத்தியம். ஊரிலிருந்து அம்மா தொலைபேசியில், “மூசாம்பரம் கெடச்சா கரச்சுப் பத்துப் போடு ராசா, கால ஊனாத” என்றாள். ஆயிரம் மைலுக்கு அப்பாலிருந்த இரண்டு சமையலறைகள் ஒரே கருத்தைச் சொல்வது கண்டு வியந்தேன்.

மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி கரைக்கும் நம் வீட்டுப் பெண்கள் அறிந்ததே. மஞ்சளிலுள்ள குர்க்குமின் காரத்தில் நிறம் மாறுகிறது. ஆனால் அதே காரம் தோலைப் புண்ணாக்கவும் கூடும். சூட்டோடு பூசினால் இன்னும் எளிதாக. பத்து வலியை மறக்கச் செய்யலாம். அறுந்த நாரைப் பிணைக்காது. பத்து போட்டவர் ஓய்ந்து படுத்திருப்பாரே, அந்த ஓய்வே அதன் பெரும்பயன் என்று எனக்குத் தோன்றுகிறது. இழுப்பதும், அழுத்தி உருவுவதும் மட்டும் முதல் நாட்களில் கூடவே கூடாது. கிழிந்த துணியை இழுத்துத் தைப்பார் உண்டோ?

பனிக்கட்டியைப் பற்றியும் ஒரு சொல். ஓய்வு, பனிக்கட்டி, இறுக்கக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்னும் நான்கையும் 1978-இல் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் ஒரு சூத்திரமாகச் சொன்னார், உலகெங்கும் பரவியது. அவரே 2014-இல், பனிக்கட்டியும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். தம் சூத்திரத்தைத் தாமே திருத்துவதன்றோ விஞ்ஞானம்! 2019-இல் வெளியான ஒரு புதிய நெறிமுறையில் பனிக்கட்டி இடம்பெறவே இல்லை. முதல் இரண்டு மூன்று நாள் காத்தல், கட்டுதல், உயர்த்தி வைத்தல். பிறகு வலி பொறுக்கும் அளவுக்குச் சிறிது சிறிதாகப் பளு கொடுத்தல் என்பதே அதன் சாரம். வலி தணியப் பனிக்கட்டி வேண்டுமென்றால், துணியில் சுற்றி 15 நிமிடம் வைப்பதில் பெரிய தீங்கில்லை. வலி மாத்திரைகளை மருத்துவரைக் கேட்காமல் விழுங்காதீர்கள்.

பொய்

மூன்றாம் வாரம் வலி நின்றது. நேராக நடந்தேன், மெல்ல ஓடவும் ஓடினேன். அரையிறுதி ஆட்டத்துக்கு முதல் நாள் அணித்தலைவர் என் அறைக்கு வந்தார். தத்துவத் துறை ஆராய்ச்சி மாணவர். எனக்கு நான்கு வயது மூத்தவர். “கால் எப்படி?” என்றார்.

திரும்பும்போது கால் தனக்கென ஒரு மனம் கொண்டதுபோல் நழுவுவதை நான் அறிந்திருந்தேன். படியில் இறங்கும்போது கைப்பிடியைத் தேடுவதையும் அறிந்திருந்தேன். ஆயினும், “ஷொப் டிக், தாதா” என்றேன். எல்லாம் சரி, அண்ணா!

ஏன் பொய் சொன்னேன்? கேடயத்தின் மேல் கொண்ட ஆசையன்று. அணியில் இடம் போனால் உணவு மேசையிலும் இடம் போய்விடும், மீண்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊமையாகிவிடுவேன் என்ற அச்சம். வெளியூரில் வாழும் நம்மில் பலருக்கு இந்த அச்சம் புதிதன்று.

ஆட்டம் தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருக்கும். எதிரணியின் இடப்பக்க வீரரைத் துரத்தித் திரும்பினேன். என்னை ஒருவரும் தொடவில்லை. வலக்கால் தானே மடங்கியது. நான் சேற்றில் கிடக்க, நான் காக்க வேண்டிய அந்த வீரர் தடையின்றிச் சென்று கோல் போட்டார். ஆட்டம் அந்த ஒரு கோலில் முடிந்தது. என் பொய்க்கு விலை கொடுத்தவர்கள் என் அணியினர்.

இம்முறை எம்.ஆர்.ஐ. படம் எடுத்துப் பார்த்த மருத்துவர், முன்நார் முற்றும் அறுந்தது, குதிகால் நாரும் பாதி கிழிந்தது என்றார். அறுவை வேண்டியதில்லை, இத்தகைய காயங்களில் மிகப் பல பயிற்சியாலேயே தேறும் என்றும் சொன்னார்.

அன்றிரவு அணித்தலைவர் வந்து கட்டிலில் உட்கார்ந்தார். நான் உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. “சொல்லியிருந்தால் வேறொருவனை நிறுத்தியிருப்பேன். உன்னை யார் விலக்கப் போகிறார்கள்?” என்றார். கால் வலியைவிட அச்சொல் எனக்கு வலித்தது.

கால் மறந்த பாடம்

தொடாமலே கால் ஏன் மடங்கியது? இதற்கு விடை 1965-இல் லண்டனில் ஃப்ரீமன் என்னும் மருத்துவரும் அவர் தோழர்களும் வெளியிட்ட ஆராய்ச்சியில் தொடங்குகிறது. பிணைநார் வெறும் கயிறன்று. அதனுள் நுண்ணிய நரம்பு முனைகள் உண்டு. மூட்டு எந்தக் கோணத்தில், எத்தனை வேகத்தில் இருக்கிறது என்று அவை மூளைக்கும் தண்டுவடத்துக்கும் ஓயாமல் செய்தி அனுப்புகின்றன. நார் கிழியும்போது அந்தத் தந்தியும் பழுதடைகிறது. கயிறு ஓரளவு ஆறினாலும் செய்தி தாமதித்து வந்தால் கால் நழுவும் என்பது அவர்கள் கருத்து. ஆடும் பலகைமேல் நின்று சமநிலை பழகியவர்களுக்கு இந்த நழுவல் குறைந்ததையும் அவர்கள் கண்டார்கள். அதன்பின் நம் அறிவு வளர்ந்திருக்கிறது. தசைவலிமையும் மூளையின் பங்கும் இன்று கணக்கில் சேர்க்கப்படுகின்றன. ஆயினும் சமநிலைப் பயிற்சியின் பயன் நிலைபெற்றுவிட்டது.

பாதம் மடங்கத் தொடங்கியதும் அதை வெளிப்புறம் இழுத்துக் காக்கும் தசைகள் விழிக்கச் சுமார் 60 முதல் 90 மில்லி நொடி ஆகும். அதற்குள் மடிப்பு பெரும்பாலும் முடிந்துவிடும். ஆகவே கால் விழுந்தபின் விழித்துப் பயனில்லை. தரையைத் தொடுமுன்பே விழித்திருக்க வேண்டும். அந்த விழிப்பைப் பழக்கத்தால் அன்றிப் பெற முடியாது.

எனக்குப் பயிற்சி அளித்த இயன்மருத்துவரை எல்லாரும் ‘தீதி’ என்று அழைப்பார்கள். அக்கா என்று பொருள். முதல் வாரம் அவர், பெருவிரலால் காற்றில் ஆங்கில எழுத்துகளை எழுதச் சொன்னார். மூட்டு எல்லாத் திசையிலும் அசைய இது வழி. “தமிழில் எழுதலாமா தீதி?” என்றேன். “உன் கால், உன் மொழி” என்று சிரித்தார். அன்று முதல் காலையும் மாலையும் என் வலக்கால் அரிச்சுவடி படித்தது. ‘ட’ எளிது, ‘ப’ எளிது. ‘இ’யில் வேர்த்தது. ‘ஞ’வை முழுதாக எழுத எனக்குப் பதினொரு நாள் ஆயிற்று. நம் எழுத்தின் சுழிகள் கணுக்காலுக்கு இத்தனை நல்லவை என்று நான் அறிந்ததில்லை.

பின்னர்ச் சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொடும் பயிற்சி. இடக்கால் விரல் நுனி சுவரிலிருந்து 11 சென்டிமீட்டர் தள்ளியிருந்தாலும் தொட முடிந்தது; வலக்கால் 5-இல் நின்றது. சுவரில் பென்சிலால் கோடு போட்டு வாரந்தோறும் அளந்தேன். அடுத்து, இரு காலால் குதிகால் உயர்த்துதல், பிறகு ஒரு காலால். ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி வெளிப்புறம் தள்ளுதல். பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நிற்றல். அது கைவந்தபின் கண்ணை மூடி நிற்றல். கண்ணை மூடிப் பாருங்கள், கணுக்கால் எத்தனை வேலை செய்கிறது என்பது தெரியும். நலமான காலிலேயே தள்ளாடுவீர்கள்.

களம் திரும்பும் நாள்

எத்தனை வாரம் என்று கேட்பதை விட்டு, என்னென்ன செய்ய முடிகிறது என்று கேளுங்கள். தீதி எனக்கு விதித்த தேர்வுகள் இவை:

1. படியில் கைப்பிடி தொடாமல் இறங்க வேண்டும்.

2. சுவர்ச் சோதனையில் இரு காலும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும்.

3. ஒற்றைக்காலில் குதிகால் உயர்த்தும் எண்ணிக்கை இரு காலிலும் ஒன்றாக வேண்டும்.

4. ஒற்றைக்காலில் 30 நொடி அசையாது நிற்க வேண்டும்.

5. ஒற்றைக்காலில் தாவும் தொலைவு, மற்றக் காலின் தொலைவில் 90 விழுக்காடேனும் இருக்க வேண்டும்.

6. நேர் ஓட்டம், வளைந்த ஓட்டம், திடீரென நின்று திரும்புதல், பந்தோடு பயிற்சி ஆகியவற்றை இவ்வரிசையில் வலியும் மறுநாள் வீக்கமும் இன்றி முடிக்க வேண்டும்.

7. கடைசியாக, மனம் அந்தக் காலை நம்ப வேண்டும்.

ஏழாவதே எனக்குக் கடினமாயிருந்தது. முதல் முறை அதை ஏமாற்றியவன் நானாயிற்றே!

ஒரு முறை சுளுக்கிய கால் மீண்டும் சுளுக்கும் வாய்ப்பு மிகுதி. முதல் சுளுக்குக்குப்பின் ஓராண்டில் பத்தில் நால்வருக்குக் கால் நழுவும் குறை தங்கிவிட்டதைக் கண்ட ஆய்வும் உண்டு. ஆகையால் களம் திரும்பிய பின்னும் சமநிலைப் பயிற்சியை விடக் கூடாது. ஆடும்போது கணுக்கால் உறை அணிவதும், பட்டை ஒட்டுவதும் மறுபடி சுளுக்குவதைக் குறைக்கின்றன. அவற்றை அணிவதில் வெட்கமில்லை.

நவம்பர் இறுதியில் ஏழு தேர்வும் முடித்தேன். டிசம்பரின் இளம்பனியில் உறை அணிந்து மீண்டும் வலப்பக்கம் நின்றேன். ஆட்டத்துக்குமுன் அணித்தலைவர் அதே கேள்வியைக் கேட்டார். “இடப்புறம் திரும்ப நன்றாயிருக்கிறது, வலப்புறம் இன்னும் சற்று அச்சம் இருக்கிறது, தாதா” என்று உள்ளது உள்ளபடி சொன்னேன். அவர் தலையசைத்து, எனக்குப் பின்னால் ஒருவரை நெருங்கி நிற்கச் செய்தார். அவ்வளவே. வானம் இடிந்து விழவில்லை.

நான் ஆடாத அந்த நான்கு மாதமும் உணவு மேசையில் என் இடம் அப்படியே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடுத்த முறை உங்களில் யாரேனும் மைதானத்தில் விழுந்து எழுந்தால், ‘சுளுக்குத்தானே’ என்று சொல்லாதீர்கள். ‘சுளுக்கு’ என்று மட்டும் சொல்லுங்கள். அருகிலிருப்பவர் தோள்மேல் கை வைத்து, நான்கு அடி நடந்து பாருங்கள்.